தாய்க்குத் தாய் வேற்றுமையா?

(தேவர்சோலையில் தாய்மார் நலம் பற்றி நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

என்னை அழைப்போர் மொழியைப் பற்றிப் பேசுமாறு கேட்பதே வழக்கம். நீங்களோ தாய்மையைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். தாய்மொழி, தாய்நாடு என்று நாம் நாள்தோறும் முழங்குகிறோம். அச்சொற்களின் முன்னே நிற்கின்ற தாயை மறந்துவிட்டு மொழியையும் நாட்டையும் மட்டும் போற்றினால், வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளித்தவர் ஆவோம். ஆகலின் இத்தலைப்பு தமிழ்ப்பணிக்குப் புறம்பானதன்று. அதன் அடிமனை ஆகும்.

சூலுற்ற பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு முன்னே கிடைக்கவேண்டிய கவனிப்பு யாது? முதல் மூன்று மாதத்திற்குள் அவள் பெயர் பதியப்படவேண்டும். எடையும் குருதியழுத்தமும் முறையாக அளக்கப்படவேண்டும். குருதியின் திறம் ஆய்ந்தறியப்படவேண்டும். சிறுநீரில் சருக்கரையோ புரதமோ கலந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். இசிவுநோய்த் தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றில் பிள்ளை கிடக்கும் நிலை ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். இவ்வாய்வுகளுக்கு நான்கு முறை போதும் என்று முன்பு சொல்லிவந்த உலக நலவாழ்வு நிறுவனம், 2016ஆம் ஆண்டில் எட்டு முறையேனும் தேவை என்று திருத்திக்கொண்டது.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுடையதன்று. வானூர்தி ஏறிச் சென்று வாங்கவேண்டிய மருந்தும் அன்று. எனினும் இவற்றை விடுத்தால் விளைவது சாவு. குருதியழுத்தம் ஏறுவதை யாரும் அளந்து பாராவிட்டால், திடுமென வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் மாய்வர். குருதி குன்றிய பெண்ணுக்குப் பேற்றின்போது சிறிதளவு குருதி போனாலும் உயிர் போகும். நல்ல உடலுடையாள் தாங்கிக்கொள்ளும் இழப்பை அவளால் தாங்கவியலாது. ஆகவே பேற்றறையில் நேரும் சாவு பேற்றறையில் தொடங்குவதன்று. ஆறு மாதத்திற்கு முன்னே, அளவாத ஓர் அளவில் தொடங்கிவிடுகிறது.

இனி, நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிற் சூலுற்ற பெண்டிருள் நான்கு முறையேனும் ஆய்வு பெற்றவர் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 90 பேர். மருத்துவமனைகளிற் பிள்ளை பெறுவோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பேருக்கும் மேல். ஓரிலக்கம் பேறுகளுக்கு இறக்கும் தாய்மார் தொகை 2018–20 கணக்கின்படி இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்காக நாம் பெருமை கொள்வதில் பிழையில்லை. சிற்றூர்தோறும் செவிலியரை அமர்த்திய முயற்சிக்கும், வீடு வீடாக நடந்த அச்செவிலியரின் கால்களுக்கும் நாம் கடப்பாடுடையோம்.

ஆனால் சராசரிக் கணக்கு ஒன்றைக் காட்டும், ஒன்றை மறைக்கும். தேவாலாவிற் கொட்டுகின்ற மழையையும் மசினகுடியிற் பொய்க்கின்ற மழையையும் கூட்டி இரண்டாற் பகுத்து, “நீலமலையில் நல்ல மழை” என்று ஒருவர் எழுதிவிட்டால் மசினகுடி உழவனின் கொல்லை நனைந்துவிடுமா? நூற்றுக்குத் தொண்ணூறு என்பது நம் வெற்றி. எஞ்சிய பத்துப் பேர் யாவர் என்பதே நம் வினா. அவர்கள் எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. காட்டோரக் குடியிருப்புகளிலும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலும், தாய்நாடு திரும்பியோர் என்று பெயரிட்டு இறக்கிவிடப்பட்ட மக்களின் குடிசைகளிலும் அவர்கள் குவிந்திருக்கின்றனர். அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது: தமிழ்நாட்டுச் சூலுற்ற பெண்டிருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குருதிச்சோகை உடையவர். ஆய்வுக்கு வருவது வேறு. உடல் தேறுவது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இம்மூன்று மக்களும் இந்நிலைக்கு எப்படி வந்தனர்? வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாமவர், இம்மண்ணின் முதுகுடிகள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர், தோடர், கோத்தர் ஆகிய இவ்வாறு குடிகளையே, மிகவும் நலிந்த பழங்குடிகள் எனத் தமிழ்நாட்டில் அரசு வகைப்படுத்தியுள்ளது. ஆறு குடிகளும் நம் நீலமலையிற் காணப்படுவோர். அவர்களுட் பணியர், வயநாட்டு நிலக்கிழாரிடம் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுக் கூலிக்கென அவர்களை மாட்டைப் பிடிப்பதுபோற் பிடித்துக்கொண்டு சென்ற கொடுமை நம் தந்தையர் காலம் வரை இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டில்தான் வந்தது. உடல் தனக்கே உரியதன்று என்று பல தலைமுறை பழக்கப்பட்ட ஒரு பெண், “என் உடலை ஆய்ந்து சொல்லுங்கள்” என்று அரசு மருத்துவமனையின் வாயிலில் நின்று கேட்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாமவர், தோட்டத் தொழிலாளர். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் மருத்துவ ஏந்தும் பிள்ளைக் காப்பகமும் வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச்சட்டம் தோட்டங்களுக்கும் உரியதாயிற்று. 12 கிழமையாக இருந்த சம்பள விடுப்பு 2017இல் 26 கிழமையாக உயர்ந்தது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டமும் அதனையே கொண்டுள்ளது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆயினும் அந்நன்மையைப் பெற, பேற்றுக்கு முந்திய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருத்தல் வேண்டும். பெயர்ப்பதிவேட்டில் உள்ள நிலையான தொழிலாளிக்கு இது எளிது. இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என நாட்கூலிக்கு ஓடுகின்றவள் 80 நாளை யாரிடத்தில் மெய்ப்பிப்பாள்? தோட்டம் என்பதற்கே 5 எக்டேர் நிலமும் 15 தொழிலாளரும் வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. அவ்வரம்புக்குட்பட்ட சிறு தோட்டங்களிற் கொழுந்து பறித்தவள் தொழிலாளி என்னும் பெயரைக்கூடப் பெறவில்லை.

இதனோடு ஒரு செய்தியை நீங்கள் அறிதல் வேண்டும். 1971ஆம் ஆண்டில், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட முதலாளர் ஒன்றியம் நீலமலைத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளி சூலுறாமல் இருக்கின்ற ஒவ்வொரு மாதத்திற்கும் அவள் பெயரில் 5 உருபா சேமிப்பிற் போடப்படும். கூடுதலாகப் பிள்ளை பெற்றால் அதிற் கழிவும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு வேண்டாவென்று நான் சொல்ல வரவில்லை; அது பெண்ணின் விருப்பமும் உரிமையும் ஆகும். ஆனால் முதலாளியின் கணக்கேட்டில் பெண்ணின் கருப்பை செலவினமாக எழுதப்பட்டது என்பதை மறவாதீர்கள். பெறாமலிருப்பதற்கு விலை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, பெறும்போது காக்கவும் தெரிந்திருத்தல் வேண்டாவா?

மூன்றாமவர், இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களைக் குடியுரிமையற்றோர் ஆக்கினர். 1964ஆம் ஆண்டில், அவர்களிடம் ஒரு சொல்லும் கேளாமல், 5 இலக்கத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும் என்று இரு நாட்டுத் தலைமையமைச்சர்களும் கையெழுத்திட்டனர். அவர்களைக் குடியமர்த்தவென்றே 1968ஆம் ஆண்டில் நீலமலையில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே லயம், இங்கே வரிசை வீடு. அங்கே கள்ளத்தோணி என்ற வசை. இங்கே சிலோன்காரர் என்ற வசை. பெயர் மாறியது, நிலை மாறவில்லை.

அவ்விலங்கையே நமக்கு ஒரு பெரும்பாடமாக விளங்குகிறது. 1926இல் களுத்துறையில் முதல் நலவாழ்வுப் பிரிவைத் தொடங்கி, ஊர்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவிச்சியரை அமர்த்தி, தாய்மார் சாவைக் குறைத்ததில் அந்நாடு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அம்மருத்துவிச்சியின் பாதை தோட்டத்தின் வேலியோடு நின்றுவிட்டது. தோட்டத்து மக்களைத் தோட்ட முதலாளி பார்த்துக்கொள்வான் என்று அரசு கையை உதறியது. அதனால் நாடு முழுவதும் பிள்ளைச் சாவு குறைந்துகொண்டுவந்த காலத்திலும், தேயிலைக் குன்றுகளில் அது மேலோங்கியே நின்றது. 1973–74 பஞ்சத்தில் மேலும் பெருகியது. பின்னர்த் தோட்டங்கள் அரசுடைமையாகி, தோட்ட மருத்துவமும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வரத்தொடங்கியபின்னரே இடைவெளி சுருங்கலாயிற்று. இதனாற் பெறப்படுவது யாது? அப்பெண்களின் குருதியிலோ பழக்கத்திலோ குறையில்லை. குறை, வேலியில் இருந்தது.

செல்வத்தில் உலகின் முதன்மை நாடாகிய அமெரிக்காவைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் அங்கே ஓரிலக்கம் பேறுகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 19 பேர் இறந்தனர். கருப்பினத் தாய்மார் ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். பணமும் மருந்தும் கருவியும் நிறைந்த நாட்டிலேயே தோலின் நிறம் சாவை இரண்டரை மடங்காக்குகிறது என்றால், மருந்து மட்டும் போதாது, மாந்தனை மாந்தனாக மதிக்கும் நெஞ்சும் வேண்டும் என்பது தெளிவாகவில்லையா?

இனி நம் ஊருக்கு வருவோம். பெண்களை மருத்துவ நிலையத்தினின்று விலக்கி நிறுத்தும் தடைகள் எவை?

முதல் தடை கூலி. சூலுற்றோர்க்கான ஆய்வுநாள் பெரும்பாலும் வேலைநாளில் அமைகிறது. ஆய்வுக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. கொழுந்து மிகுந்த மழைக்காலமாயின் மேலெடைக்குக் கிடைக்கும் காசும் போயிற்று. வயிற்றுப் பிள்ளைக்காக வீட்டுப் பிள்ளையின் சோற்றை விடுவதா என்று ஒரு தாயை எண்ண வைப்பது கொடுமையன்றோ?

இரண்டாவது தடை வழி. கூடலூர் வட்டத்திற் பல குடியிருப்புகளுக்கு இன்றும் ஊர்தி செல்லும் பாதையில்லை. 1969ஆம் ஆண்டுச் சன்மநில ஒழிப்புச் சட்டம் வந்தும், தீராத வழக்குகளுக்குள் சிக்கிய நிலங்களிற் குடியிருப்போர் பாதைக்கும் மின்விளக்குக்கும் அலைகின்றனர். இரவில் வலி கண்டால் யானை நிற்கும் வழியில், விளக்கின்றி, துணியிற் கட்டித் தூக்கி வருதல் வேண்டும். 108 ஊர்தி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது, நன்று. ஆனால் ஊர்தி நிற்கும் இடத்திற்கும் அவள் படுத்திருக்கும் இடத்திற்கும் இடையே கிடக்கும் காட்டுவழியை யார் கடப்பது? நிலைமை மிகுந்துவிட்டாற் கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. குருதி கொட்டுகின்றவளுக்கு அவ்வளவு காலம் இல்லை.

மூன்றாவது தடை தாள். பதிவு எண், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை என ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் கேட்கிறோம். 1987இல் தொடங்கி, பின்னர் 18 ஆயிரம் உருபா வரை உயர்த்தப்பட்ட முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான மகப்பேற்று உதவித்திட்டம் மிகச் சிறந்ததே. ஆனால் உதவி யாருக்கு மிகத் தேவையோ அவளிடமே தாள் இல்லை. தாள் உள்ளவளுக்குத் தவணை தப்பாமல் வருகிறது. இல்லாதவளுக்குப் பிள்ளை நடக்கத் தொடங்கிய பின்னும் வருவதில்லை.

நான்காவது தடை அறியாமை. “அவர்களுடைய அறியாமை” என்று உடனே சொல்லிவிடாதீர்கள், நம்முடையதைச் சொல்கிறேன். அரிவாள் வடிவக் குருதியணு நோய் என்று ஒன்றுண்டு. மருத்துவர் அதனைச் ‘சிக்கிள் செல்’ என்பர். குருதியின் செவ்வணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்துக் கடும் வலியையும் சோகையையும் தரும். பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும். சூற்காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் பெருங்கேடு விளைக்கும். இந்தியாவில் இந்நோய்க்கூறு முதன்முதலிற் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? நம் நீலமலைப் பழங்குடியினரிடையேதான், 1952ஆம் ஆண்டில். இதனை ஒழிக்க நாடளாவிய இயக்கம் தொடங்கப்பட்டதோ 2023ஆம் ஆண்டில். இடையே 71 ஆண்டுகள்! இந்நோய் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியிருந்தால் இத்துணைக் காலம் கிடப்பிற் கிடந்திருக்குமா? இந்நோயுடைய பெண்ணுக்கு, எல்லார்க்கும் தருவதுபோல் இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டாற் போதாது. அவளைத் தனியே கண்டறிந்து தனியே காத்தல் வேண்டும்.

ஐந்தாவது தடை மொழி. ‘எச்.பி. ஏழு, ஹை ரிஸ்க்’ என்று அட்டையில் எழுதிக் கையிற் கொடுத்துவிடுகிறார்கள். அவள் அதனைப் பத்திரமாக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துக்கொள்கிறாள். “உன் குருதி நீர்த்துப் போயிற்று, பதினொன்று இருக்கவேண்டியது ஏழாக உள்ளது, இப்படியே பேறு வந்தால் உயிருக்கு ஊறு, இன்றே மருத்துவமனையில் தங்கு” என்று அவள் நெஞ்சிற் படுமாறு சொன்னால் அவள் தங்காமல் இருப்பாளா? மருத்துவம் தமிழில் வேண்டும் என்று நாம் கேட்பது மேடை அழகுக்காகவா? உயிருக்காகக் கேட்கிறோம்.

இன்னொன்று சொல்வேன். இம்மலையில் தேநீர் குடியாத வீடில்லை. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால், தேநீரின் துவர்ப்பு அவ்விரும்பை உடலிற் சேரவிடாது. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையே ஓரிரு மணி நேரம் விடவேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சஞ்சாறோ சேர்த்தால் நன்கு சேரும். தேயிலை பறித்தே வாழ்கின்ற பெண்ணுக்கு இச்சிறு செய்தியை அவள் மொழியில் யாரும் சொல்லவில்லையென்றால், மாத்திரை கொடுத்தும் கொடாததே.

மொழி என்றவுடன் நம்மவர்க்கு ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். பணியர்க்கும் காட்டுநாயக்கர்க்கும் குறும்பர்க்கும் தத்தமக்கென்று பேச்சு உண்டு. அவை நம் தமிழோடு ஒரு வேரிற் கிளைத்தவை. அவர்களிடம் நம் தனித்தமிழ்ச் சொல்லை மட்டும் கொண்டுபோய்த் திணித்தால், ஆங்கிலத்தை நம்மீது திணித்தவர்க்கும் நமக்கும் என்ன வேற்றுமை? எவ்வுரிமையால் நாம் நம் தாய்மொழியிற் கல்வியும் மருத்துவமும் கேட்கிறோமோ, அவ்வுரிமை அவர்க்கும் உண்டு. அவர்கள் சூலுக்கும் வலிக்கும் சோகைக்கும் என்ன சொல்கிறார்கள் என்று முதலிற் கேட்போம். அச்சொற்களைச் செவிலியர்க்குக் கற்பிப்போம். தமிழாசிரியர்கள் இப்பணியை மேற்கொண்டால், அது நூறு பட்டிமன்றங்களினும் மேலான தமிழ்த்தொண்டு ஆகும்.

ஆறாவது தடை இழிவு. தொட்டுப் பார்க்க முகஞ்சுளித்தல், எழுந்து நில் என்று அதட்டுதல், “இவர்களுக்கு இதே வேலை” என்று காதுபடச் சொல்லுதல். ஒருமுறை இழிவுபட்டவள் மறுமுறை வரமாட்டாள். அவள் மட்டுமல்லள்; அவள் தங்கையும் வரமாட்டாள்.

“எவ்வளவு செய்தாலும் அவர்கள் வரமாட்டார்கள், மூடநம்பிக்கை விடாது” என்று சொல்வோர் உளர். அவர்களுக்கு விடை வேறெங்கும் தேடவேண்டா, கூடலூரிலேயே இருக்கிறது. 1990ஆம் ஆண்டில் அங்கே பழங்குடியினர்க்கென்றே ஒரு மருத்துவமனை எழுந்தது. அதற்கு முன்பே, 1987 முதல், ஊர்தோறும் சென்று பழங்குடிப் பெண்களையே நலவாழ்வுப் பணியாளராகப் பயிற்றினர். பின்னர் அக்குடிகளிற் பிறந்த பெண்களே செவிலியராகவும் ஆயினர். தம் மொழி பேசுகின்ற, தம் குடியிற் பிறந்த ஒருத்தி கையைப் பற்றி அழைத்தபோது, வரமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அதே பெண்கள் வந்தனர். நோயும் அதுவே, காடும் அதுவே, மக்களும் அவர்களே. மாறியது, அழைத்த முறை ஒன்றே.

ஆகவே நாம் கேட்கவேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். சூலுற்ற பெண் ஆய்வுக்குச் செல்லும் நாளுக்குக் கூலி குறைக்கப்படலாகாது. நாட்கூலிப் பெண்ணுக்கு அரசே அதனை ஈடு செய்தல் வேண்டும். பல தோட்டங்களிற் செய்த வேலைநாளைக் கூட்டி 80 நாளாகக் கொள்ளவேண்டும். தாள் இல்லையென்று எவளையும் திருப்பி அனுப்பலாகாது. முதலிற் பெயரைப் பதிந்து ஆய்வு செய்துவிட்டுத் தாளை அலுவலரே தேடித் தரட்டும். பழங்குடிப் பெண் ஒவ்வொருத்திக்கும் அரிவாளணு ஆய்வு முதல் வருகையிலேயே செய்யப்படவேண்டும். எட்டாத குடியிருப்புப் பெண்கள் பேற்றுக்கு முன்னரே வந்து தங்கும் அறைகள், துணைக்கு வருவோர்க்கும் வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கும் சோறு தருவனவாக இயங்கவேண்டும். தாய் மருத்துவமனையிற் கிடக்க, தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வராமல் நின்றுபோகும் மூத்த பெண் பிள்ளைகளை வகுப்பில் ஆண்டுதோறும் காண்கின்றேன். ஒரு தாயைக் காவாமல் விட்டால், இன்னொரு தாயாக வேண்டியவளின் கல்வியும் உடன் போகிறது.

அரசைக் கேட்பது ஒரு பாதி; நாம் செய்வது மறு பாதி. இளைஞர்களே, உங்கள் வரிசையிலும் உங்களுக்கு அடுத்த பழங்குடிக் குடியிருப்பிலும் சூலுற்ற பெண்கள் எத்துணைப் பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலை வரிவரியாக மனப்பாடம் செய்கின்றவர்கள் இப்பட்டியலை அறியாமல் இருக்கலாமா? ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெண், ஓர் ஊர்தி, ஒரு கைவிளக்கு என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுநாளில் உடன் செல்லுங்கள். அட்டையில் எழுதியதைப் படித்து, அவளுக்கு விளங்கும் சொல்லில் எடுத்துரையுங்கள். எவரேனும் அவளை இழிவாகப் பேசினால், அமைதியாக, ஆனால் பின்வாங்காமல், மறுத்துக் கேளுங்கள்.

பணியத் தாயும் தமிழ்த்தாயே. லயத்திலிருந்து வந்தவளும் தமிழ்த்தாயே. மலையாளமோ கன்னடமோ பேசிக்கொண்டு பக்கத்து வரிசையில் இருப்பவளும் தாயே. தாய்க்குத் தாய் வேற்றுமை பார்க்கின்ற எந்த இனமும் தன்னை இனம் என்று அழைத்துக்கொள்ளும் தகுதியுடையதன்று. வரும் ஆய்வுநாளுக்கு நம் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் விடுபடாமல் செல்லவேண்டும். யாரை யார் அழைத்துச் செல்வது என்பதை இக்கூட்டம் கலையுமுன் முடிவு செய்துகொண்டு எழுவோம்.